பிரேக் ஆயில் புராணம் (அல்லது) ஒரு பி.காம் மாணவன் திருடனைக் கண்டுபிடித்த கதை

 

போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதி பாதி பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்தத் தடவை கணக்குப் பாடம் கிடையாது. மண் தோண்டும் இயந்திரத்தின் பிரேக் பற்றி எழுதப் போகிறேன். "பி.காம் படிக்கிற பையனுக்கும் பிரேக்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் இருக்கிறது. சொன்னால் எனக்குத்தான் வெட்கம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மனசு லேசாகும்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி பக்கம். அப்பா ஒரு பழைய தோண்டுற வண்டி வைத்திருக்கிறார். முன்னால் பெரிய பக்கெட், பின்னால் தேள் கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கை. நீங்கள் எல்லாரும் "ஜேசிபி" என்று சொல்வீர்களே, அதேதான். எங்களுடையது எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லா வண்டியும் ஜேசிபிதான். :-)

பெயர்க் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜேசிபி என்பது ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். ஜோசப் சிரில் பேம்ஃபோர்ட். 1945-ல் இங்கிலாந்தில் அட்டாக்ஸிட்டர் என்ற ஊரில் ஒரு சின்ன ஷெட்டில் டிரெய்லர் செய்ய ஆரம்பித்தவர். 1979-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து, ஹரியானாவில் பல்லப்கர் என்ற இடத்தில் இந்தியத் தொழிற்சாலை வந்தது. நம் தமிழ்ப் பேப்பர்களில் "பொக்லைன் இயந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று வருமே, அந்தப் பொக்லைனும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர்தான். ஆக, கம்பெனி பெயரே பொருளின் பெயராகிப் போன இரண்டு உதாரணங்கள். மார்க்கெட்டிங் பேப்பரில் எழுதலாம், மார்க் கிடைக்கும்.

இன்னொரு விசேஷம். மண் வேலை வண்டிக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் பழைய உறவு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வைத்திருந்த மண் வேலை இயந்திரத் தொழிற்சாலையை 2000-களின் தொடக்கத்தில் கேட்டர்பில்லர் வாங்கியது. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். ஆலை இருந்தால் பழைய இரும்பு வரும், கசடு போகும். அள்ளுவதற்கு வண்டி வேண்டும். அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் பொன்னேரியில் காலேஜ். தினமும் மின்சார ரயிலில் கவரைப்பேட்டை வழியாகப் போய் வருகிறவன். இரண்டாம் வருஷம் காஸ்டிங் பேப்பர் வந்ததும் எனக்குள் இருந்த ஆடிட்டர் விழித்துக்கொண்டார். அப்பா பத்து வருஷமாகக் கணக்கை ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றினேன். தேதி, வேலை நடந்த இடம், என்ன வேலை, ஹவர் மீட்டர் ரீடிங், போட்ட டீசல், பேட்டா, கிரீஸ், ரிப்பேர். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம்தான் எமன்.

2024 ஜூன் மாசக் கணக்கைப் போட்டபோது கண்ணில் பட்டது. அதுவரை மணிக்கு ஐந்தேகால் லிட்டர் வாக்கில் இருந்த சராசரி, ஜூன் பாதிக்கு மேல் ஆறைத் தாண்டியிருந்தது. ஜூலை முதல் வாரம் ஆறேகால். அதே வண்டி, அதே ஆள், அதே பங்க்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன தோன்றும் என்று தெரியும். டீசல் திருட்டு. ராத்திரி டேங்கில் டியூப் போட்டு ஒரு கேன் உறிஞ்சி விற்பது. ஊரில் எந்த வண்டி முதலாளியைக் கேட்டாலும் நாலு கதை சொல்வார்.

எங்கள் வண்டியின் ஆபரேட்டர் அண்ணன் ஒன்பது வருஷமாக எங்களிடம் இருந்தவர். எளாவூர் பக்கம் ஊர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்ட மூன்று ராத்திரி தூங்காமல் வண்டி ஓட்டியவர். சின்ன வயதில் என்னை மடியில் உட்கார வைத்து லீவர் பிடிக்க விட்டவரும் அவர்தான்.

இதெல்லாம் எக்செல்லில் கட்டமாக இல்லையே. நான் அப்பாவிடம் போய், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அப்பா, டீசல் எங்கியோ போவுது" என்றேன். பெரிய துப்பறியும் சாம்பு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அப்பா முதலில் நம்பவில்லை. "அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லடா" என்றார். நான் விடவில்லை. "நம்பர் பொய் சொல்லாதுப்பா" என்றேன்.

(இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

அடுத்த நாள் காலையில் அப்பா நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்து, "டீசல் கொஞ்சம் ஜாஸ்தியா ஆவுதேப்பா, என்னான்னு தெரியல" என்றார். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து வண்டியின் படியில் வைத்தார்.

"தம்பி கணக்கு படிச்சவரு அண்ணா. நான் படிக்கல. எனக்கு வண்டி இழுக்கலன்னு மட்டும் தெரியுது. சொன்னேன், யாரும் கேக்கல. வேற ஆள வெச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். கோபமாகக்கூடப் பேசவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

"வண்டி இழுக்கல" என்று அவர் சொன்னது உண்மை. பத்து நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் வண்டி கனமாகிறது, கியரில் போட்டால் எஞ்சின் முக்குகிறது, பின் ஆக்சில் பக்கம் சூட்டு வாசனை வருகிறது என்றெல்லாம் சொன்னார். அப்பா மெக்கானிக் பாயை இரண்டு தடவை கூப்பிட்டார். பாய் காலையில் எட்டு மணிக்கு வருவார், வண்டியை முன்னே பின்னே ஓட்டிப் பார்ப்பார், "நல்லாத்தானே போவுது" என்று டீ குடித்துவிட்டுப் போவார். டாக்டர் வந்ததும் ஜுரம் விட்டுவிடும் குழந்தை மாதிரி. அதனால் என் மனக்கணக்கில் "வண்டி இழுக்கல" என்பது திருட்டை மறைக்கச் சொல்லும் சாக்கு என்று ஆகிப்போனது.

தற்காலிகமாக வேறு ஒரு ஆபரேட்டர் வந்தார். நான் தினமும் டேங்கில் குச்சி விட்டு அளந்தேன். டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டேன். ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போட்டால்... மணிக்கு ஆறரை.

ஙே.

திருடன் போன பிறகும் திருட்டு நிற்கவில்லை. கூடியிருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "புது ஆளும் எடுக்கிறானோ" என்றுதான் யோசித்தேன். அந்த அளவுக்குப் புத்திசாலி நான்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. ஒரு ஆலையில் நாள் முழுக்கக் கசடு அள்ளிவிட்டு, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. மாலை நாலு மணி. நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் லாரிகளின் ஹாரன். யாராவது பைக்காரர் வேகமாக வந்து பின் கையில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அப்பா பாய்க்குப் போன் போட்டார். "பாய், இப்பவே வாங்க. ஆறுறதுக்குள்ள வாங்க."

இனிமேல் பாய் செய்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உபயோகமாக இருக்கும். மற்றவர்களும் படிக்கலாம், டிடெக்டிவ் கதை மாதிரிதான் இருக்கும்.

முதலில் பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு உள்ளேயே பிரேக் இருக்கிறது. பைக்கில் வெளியே தெரிகிற டிஸ்க் மாதிரி இல்லை. பல தட்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஆக்சில் ஆயிலில் ஊறிக்கொண்டே சுற்றும். பெடலை மிதித்தால் ஒரு பிஸ்டன் அந்தத் தட்டுகளைச் சேர்த்து அமுக்கும். பெடலும் இரண்டு. இடது பக்க வீலுக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. வயலிலோ சைட்டிலோ சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிக்கலாம். ரோட்டில் போகும்போது இரண்டையும் பட்டை போட்டுச் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும்.

பாய் வந்ததும் முதலில் ஆக்சில் பக்கம் கையைக் கொண்டு போனார். இரண்டு பக்கமும் கை வைக்க முடியாத சூடு. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடு. அப்போ கோளாறு ஒரு வீல்ல இல்ல, ரெண்டுக்கும் பொதுவான எடத்துல" என்றார். எனக்கு இந்த தர்க்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் இருக்கிற இரண்டு ஜாக் கால்களையும் இறக்கிப் பின் வீல்களைத் தூக்கினார்கள். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாதாம், ஹைட்ராலிக் மெதுவாக இறங்கிவிடும். ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டை அடுக்கிய பிறகுதான் பாய் உள்ளே குனிந்தார். எஞ்சின் ஆஃப். கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக் விட்டாயிற்று.

வீலைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று பேர் தொங்கியும் அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக் புடிச்சிருக்குமோ பாய்?" என்று அப்பா கேட்டார். பாய் சிரித்தார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் வீலில் இல்லை, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டில் இருக்கிறது. அது மட்டும் பிடித்திருந்தால், ஒரு பக்க வீலைச் சுற்றினால் அந்தப் பக்க வீல் எதிர்த்திசையில் சுற்றும், நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால். இங்கே இரண்டுமே அசையவில்லை. ஆகவே ஹேண்ட் பிரேக் நிரபராதி.

பிறகு ஆக்சிலில் இருக்கும் பிளீடர் நிப்பிளில் ஸ்பேனர் போட்டார். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, அரைச் சுற்று திறந்தார். "புஸ்ஸ்" என்று ஆயில் பீய்ச்சியது. பெடலை யாரும் மிதிக்கவில்லை, எஞ்சினும் ஓடவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த அழுத்தம். அது வெளியே வந்ததும் பாய் ஒற்றைக் கையால் வீலைத் தள்ளினார். ராட்டினம் மாதிரி சுற்றியது.

"பாத்தீங்களா? தட்டு நல்லா இருக்கு. மேலேந்து அழுத்தம் எறங்க மாட்டேங்குது."

இந்த ஒரு சோதனைதான் முக்கியம் மக்களே. நிப்பிளைத் திறந்ததும் வீல் விடுபட்டால் கோளாறு மேலே: மாஸ்டர் சிலிண்டர், பெடல், ஹோஸ், இவற்றில் ஒன்று. நிப்பிளைத் திறந்தும் வீல் பிடித்துக்கொண்டே இருந்தால் கோளாறு ஆக்சிலுக்கு உள்ளே: தட்டு, பிஸ்டன், அதன் சீல். ஆக்சிலைப் பிரிப்பதா வேண்டாமா என்ற பெரிய செலவை இந்த அரைச் சுற்று ஸ்பேனர் தீர்மானிக்கிறது.

மேலே என்றால் மேலே எங்கே? நிப்பிளை மூடிவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார். மறுபடியும் வீல் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிப்பிளைத் தொடவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். உடனே வீல் விட்டது. நடுவில் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருந்தால் இங்கே திறந்து பிரயோஜனம் இருக்காது. விட்டுவிட்டதால் பைப், ஹோஸ் தப்பித்தன. பெடலில் விரல் வைத்து ஆட்டிப் பார்த்தார், சும்மா ஆடும் இடைவெளி சரியாக இருந்தது. அது இல்லாவிட்டால் பெடலே பிஸ்டனை அமுக்கிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு காரணமாகலாம். அதுவும் இல்லை. மிச்சம் மாஸ்டர் சிலிண்டரின் உள்பக்கம்.

மாஸ்டர் சிலிண்டரில் குண்டூசி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. பெடலை விட்டதும் பிஸ்டன் பின்னால் வந்து அந்த ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் கீழே இருக்கும் ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டனின் ரப்பர் வாஷர் ஊதிப் போனால் அந்த ஓட்டையை மூடிக்கொண்டே இருக்கும். பிரேக் லேசாகப் பிடித்தபடி ஓடும். ஓட ஓடச் சூடு. சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குத் திரும்ப வழி இல்லை, அதனால் இன்னும் அழுத்தும். இன்னும் சூடு. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி. ராத்திரி முழுக்க ஆறினால் ஆயில் சுருங்கி, காலையில் வண்டி ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஓடும். பாய் எட்டு மணிக்கு வந்தபோதெல்லாம் கோளாறு இல்லாமல் போனதன் ரகசியம் இதுதான்.

"அது சரி, ரப்பர் ஏன் ஊதுது?" என்று கேட்டபடி பாய் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர், தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி நெளிந்து தொளதொளவென்று இருந்தது. பாய் முகம் மாறியது. ஒரு காலி வாட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி அதில் விட்டார். குலுக்கி, வண்டிப் படியில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலே எண்ணெய் ஒரு படலமாக மிதந்தது. ஆனால் அடியில் இருந்த தண்ணீர் தெளியவில்லை, லேசாக மஞ்சளடித்து நின்றது.

"இந்த வண்டிக்கு மினரல் ஆயில். அது தண்ணியில கலக்காது, முழுசா மேல நிக்கணும். கீழ கலந்து நிக்குது பாருங்க, அது கார், பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயில். யாரு ஊத்துனது?"

எல்லாரும் புது ஆபரேட்டரைப் பார்த்தார்கள். அவர், "நான் மூடியே தொறக்கல சார்" என்றார்.

நான் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும்.

ஜூன் 12. அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக லீவு. அதற்கு முந்தின நாள், "தம்பி, பிரேக் ஆயில் லெவல் கொஞ்சம் கம்மியா இருக்கு, ஒரு டப்பா வாங்கி வெச்சிடுங்க. பழைய டப்பாவ எடுத்துட்டுப் போயி காட்டி வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் பழைய டப்பாவை எடுத்துப் போகவில்லை. கடையில் "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார்கள். "பிரேக் ஆயில்தானே அண்ணா, எதுவா இருந்தா என்ன, நல்லதா குடுங்க" என்றேன். டாட் 3 கொடுத்தார்கள். அண்ணன் வருவதற்குள் உதவி செய்வோமே என்று நானே மூடியைத் திறந்து ஊற்றிவிட்டேன். ரசீதை வாங்கி, பொறுப்பாக எக்செல்லில் ஏற்றினேன். "ரிப்பேர் மற்றும் பராமரிப்பு" கட்டத்தில், என் கையாலேயே.

அப்பாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். ரோட்டோரம், பாய் முன்னால். அப்பா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி எக்செல்லை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை சராசரியைப் பார்க்கவில்லை. "என்ன வேலை" என்ற கட்டத்தை வைத்துப் பிரித்தேன். பின் கையால் பள்ளம் தோண்டிய நாட்கள் தனி, முன் பக்கெட்டால் அள்ளிய நாட்கள் தனி. தோண்டும் நாட்களில் ஜூன் 12-க்கு முன்னும் ஐந்து சொச்சம், பின்னும் ஐந்து சொச்சம். ஒரு மாற்றமும் இல்லை. அள்ளும் நாட்களில் மட்டும் ஐந்தரையிலிருந்து ஏழு. தோண்டும்போது வண்டி ஜாக்கில் நிற்கிறது, வீல் சுற்றுவதே இல்லை, பிரேக் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன. அள்ளும்போது நாள் முழுக்க முன்னே பின்னே ஓட வேண்டும். பிடித்த பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடத்தான் அந்த டீசல் செலவாகியிருக்கிறது.

திருடுகிறவன் அள்ளும் நாளாகப் பார்த்தா திருடுவான்?

பதில் முழுக்க என் ஷீட்டிலேயே இருந்தது. நம்பர் பொய் சொல்லவில்லைதான். நான்தான் ஒரே ஒரு நம்பரைக் கேட்டுவிட்டு, மற்றதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன். காஸ்டிங் பேப்பரில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன்.

ரிப்பேர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார், பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. பல தோண்டுற வண்டிகளின் பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். இரண்டுக்கும் ரப்பரே வேறு வேறு ஜாதி. இதன் ஆயிலை அதில் ஊற்றினாலும் கெடும், அதன் ஆயிலை இதில் ஊற்றினாலும் கெடும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரான்சின் சிட்ரான் கார்களில் 1960-களிலேயே மினரல் ஆயிலுக்கு மாறி, யாரும் மாற்றி ஊற்றிவிடக் கூடாது என்று அதற்குப் பச்சை நிறமே கொடுத்தார்கள். இன்றைக்கு விலை உயர்ந்த சைக்கிள் டிஸ்க் பிரேக்கிலும் ஒரு கம்பெனி மினரல், இன்னொரு கம்பெனி டாட் என்று இதே தலைவலி உண்டு.

ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது என்று பாய் சொல்லிவிட்டார். தப்பு ஆயில் தொட்ட ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். இரண்டு மாஸ்டர் சிலிண்டருக்கும் வாஷர் கிட், ஹோஸ்கள், ஆக்சில் உள்ளே பிஸ்டன் சீல் வரைக்கும். "மேல மட்டும் மாத்தினா இப்ப ஓடும். கீழ சீல் போனா பிரேக் ஆயில் ஆக்சிலுக்குள்ள எறங்கும், ஒரு நாள் பெடல் மிதிச்சா பிரேக்கே இருக்காது. பிடிக்கிற பிரேக் பரவால்ல, பிடிக்காத பிரேக் ஆளைக் கொல்லும்" என்றார். ஆக்சிலைப் பிரித்தார்கள். பைப்புகளைச் சரியான ஆயில் விட்டே கழுவினார்கள். ஆறு நாள் வண்டி ஷெட்டில். பார்ட்ஸ், கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். அந்த மாச லோன் தவணை தவறிப் போனது. முந்நூறு ரூபாய்கூட வராத ஒரு டப்பாவின் விலை அது. பாடத்தில் இதற்கு "அசாதாரண நஷ்டம்" என்று பெயர். லாப நஷ்டக் கணக்கில் தள்ளிவிடலாம். தள்ள முடியாத ஒன்று பாக்கி இருந்தது.

"நீதான சொன்ன, நீயே போய்ச் சொல்லு" என்றார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து பையனின் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. "அண்ணா, ஆயில் நான்தான் மாத்தி ஊத்தினேன். டீசல் பிரேக்குலதான் போயிருக்கு. நான் உங்கள தப்பா சொல்லிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வீலு ஃப்ரீயா சுத்துதா?" என்று கேட்டார்.

"சுத்துதுண்ணா."

"கீழ சீலு மாத்துனாங்களா?"

"மாத்தியாச்சு."

"அப்ப சரி."

அண்ணி டீ கொண்டு வந்து கொடுத்தார். அண்ணன் திரும்பி வருவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கேட்டும் விட்டேன். "தேர்வாய் கண்டிகை பக்கம் ஒருத்தர்ட்ட சேந்துட்டேன் தம்பி. வாக்கு குடுத்தாச்சு. மாத்திப் பேசுனா நல்லா இருக்காது" என்றார். கோபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை, கோபம் போன மாதிரியும் இல்லை. கிளம்பும்போது, "ஒம்போது வருஷம் தம்பி. மொதலாளி கேட்டிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். நீங்க செல்லப் பாத்துக்கிட்டு நின்னீங்க பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது எங்கள் வண்டியில் வேறு ஒரு அண்ணன் ஓட்டுகிறார். ஆயில் டப்பா மூடி மேல் நானே வெள்ளை பெயின்டில் "மினரல் ஆயில் மட்டும்" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எக்செல்லில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: "ஆபரேட்டர் சொன்னது". "மத்தியானம் கனமா இருக்கு", "லெஃப்ட் பெடல் கீழ போவுது", "ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்றுகிறேன். அதைக் கூட்டி சராசரி எடுக்க முடியாது. ஆனால் மற்ற எல்லாக் கட்டத்துக்கும் முன்னால் அதைத்தான் படிக்கிறேன்.

போன மாசம் ஒரு நாள் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. அண்ணன் நம்பர். அழுக்குப் படிந்த ஒரு ஆயில் டப்பா மூடி, அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இங்க புதுசா ஒரு வண்டி வந்திருக்கு. இதுல என்னா ஆயில் ஊத்தணும்னு போட்டிருக்கு? நல்லா படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பெரிதாக்கி, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.

பி.கு: ஜாக்கில் நிற்கிற வண்டிக்கு அடியில் கட்டை வைக்காமல் யாரும் குனிய வேண்டாம். கடைக்குப் போனால் பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். சொல்லிட்டேன், ஆமா. :-)